நடுக்கடலில் கைதிகள் தைத்த போர்வை: 11 பிள்ளைகளின் தாயான எலிசபெத் ஃபிரையின் கதை

வணக்கம். ஆஸ்திரேலியாவின் கான்பெர்ரா நகரிலுள்ள தேசியக் கலைக்கூடத்தில், 2,815 துணித்துண்டுகளை இணைத்துத் தைத்த ஒரு போர்வை பாதுகாக்கப்படுகிறது. பிரிட்டனிலிருந்து நாடுகடத்தப்பட்ட பெண் கைதிகள், 1841-இல், கப்பலில் போகும்போதே அதைத் தைத்தார்கள். அந்தக் கப்பலின் பெயர், நம்பினால் நம்புங்கள், ராஜா! கைதிகளின் கையில் ஊசியும் நூலும் எப்படி வந்தன என்று தேடினால், லண்டனில் ஒரு பெரிய குடும்பத்தை நடத்திவந்த எலிசபெத் ஃபிரை அம்மையாரிடம் போய் நிற்போம். இன்று அவரைத்தான் நினைவுகூரப் போகிறோம்.

பூர்வீகத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1780-இல் நார்விச் நகரில், கர்னி என்னும் வங்கிக் குடும்பத்தில் பிறந்தார். 1800-இல் ஜோசப் ஃபிரையை மணந்தார். இருவர் குடும்பமும் குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவை. ஊதியம் பெறும் குருமார் இல்லாத, மௌனமாகக் கூடி அமர்ந்து வழிபடுகிற அந்தச் சபையில், உள்ளத்தில் ஏவுதல் வந்தால் பெண்களும் எழுந்து பிரசங்கிக்கலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பெரும்பாலான சபைகளில் பெண்கள் வாய் திறக்க முடியாத காலத்தில், ஒரு கூட்டத்தின்முன் நின்று பேசும் துணிவு இவருக்கு அங்கிருந்துதான் வந்தது.

பிள்ளைகள் 11 பேர். கடைசி மகன் 1822 நவம்பர் 1 அன்று பிறந்தான். அதே நாளில், மூத்த மகள்களில் ஒருவருக்கு, இவருடைய முதல் பேரனும் பிறந்தான்! தொட்டிலில் கிடக்கும்போதே அந்தக் கடைக்குட்டி தாய்மாமன் ஆகிவிட்டான். நம் ஊராக இருந்திருந்தால், காதுகுத்துக்கு யார் மடியில் யாரை உட்காரவைப்பது என்று பெரியவர்கள் திகைத்துப்போயிருப்பார்கள்.

1813-இல், லண்டன் நியூகேட் சிறையின் பெண்கள் பகுதியை அவர் முதன்முதலாகப் பார்த்தார். ஏறத்தாழ 300 பெண்கள், தம் குழந்தைகளோடு, வெறுந்தரையில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். குழந்தைகளுக்கு உடை கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு வீட்டுக் கவலைகள் சூழ்ந்தன. 1815-இல் ஐந்து வயதுகூட நிறையாத தம் மகளைப் பறிகொடுத்தார். 1816-இன் இறுதியில் மீண்டும் சிறைக்குப் போனபோது, உங்கள் குழந்தைகளுக்குப் பள்ளி வேண்டுமா என்று அந்தத் தாய்மார்களிடமே கேட்டார். ஆசிரியையையும் கைதிகளுள் ஒருவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1817-இல் பெண்கள் சங்கம் ஒன்றைத் தொடங்கி, சிறைக்கான விதிகளை எழுதியபோது, ஒவ்வொரு விதியையும் வாசித்து, ஏற்பவர்கள் கை தூக்குங்கள் என்று கைதிகளிடமே ஒப்புதல் பெற்றார். பிரிட்டனில் எந்தப் பெண்ணுக்கும் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு இல்லாத காலத்தில், சிறைக்குள் பெண்கள் கை தூக்கி வாக்களித்திருக்கிறார்கள் என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புத் தீரவில்லை. மறுஆண்டு, நாடாளுமன்ற மக்களவைக் குழுவின்முன் சிறைகளைப் பற்றிச் சாட்சியமும் அளித்தார்.

இப்போது போர்வைக்கு வருவோம். உண்மையைச் சொன்னால், இந்தக் காணொளியை நான் எடுத்ததே இதற்காகத்தான்.

நாடுகடத்தலுக்கு முந்தைய இரவு, நியூகேட்டில் கண்ணாடிகளை உடைத்துக் கலகம் செய்வது பெண் கைதிகளின் வழக்கமாகவே இருந்தது. விடிந்ததும் திறந்த வண்டிகளில் விலங்கோடு ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோனால், வேடிக்கை பார்க்கத் தெருவே திரண்டு நிற்கும். மூடிய வண்டிகளில் அனுப்புமாறு 1818-இல் சிறை அதிகாரியை இணங்கவைத்த ஃபிரை அம்மையார், தாமும் பின்னாலேயே வண்டியில் போனார். பிறகு மாதக்கணக்கில் கடலில் சும்மா உட்கார்ந்திருந்தால் அவர்கள் என்ன ஆவார்கள் என்று, பல பிள்ளைகளை வளர்த்த தாய்க்கே உரிய கவலையோடு யோசித்தார்.

அதன் விளைவாக ஒவ்வொரு கைதிக்கும் ஒரு பை கிடைத்தது. வேதாகமம், ஏப்ரன், தொப்பி, சீப்பு, கத்தரிக்கோல், விரலில் ஊசி ஏறாமல் மாட்டிக்கொள்ளும் உறை, 100 ஊசிகள், குண்டூசிகள், வெள்ளை, கறுப்பு, நீலம், சிவப்பு என நூல்கண்டுகள், தேவைப்படுவோருக்கு மூக்குக்கண்ணாடி, எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 900 கிராம், துண்டுத் துணிகள். அந்த மூக்குக்கண்ணாடியைக் கவனித்தீர்களா? ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாத ஒரு மூதாட்டியை வீட்டில் பார்த்துப் பழகியவர்தான் இப்படியொரு பட்டியலைப் போட முடியும். அலுவலகத்தில் உட்கார்ந்து போட்ட பட்டியலில் அது இருந்திருக்காது. தைத்து முடித்த போர்வையை விற்றால், புதிய நாட்டில் கையில் கொஞ்சம் காசும் இருக்கும்.

ராஜா கப்பல், ஏறத்தாழ 180 பெண் கைதிகளோடு, 1841 ஏப்ரல் 5 அன்று வுல்விச்சிலிருந்து புறப்பட்டு, 105 நாள் பயணத்துக்குப் பின் ஜூலை 19 அன்று ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவிலுள்ள ஹோபார்ட் சேர்ந்தது. மூன்று மீட்டருக்கு மேல் அகலமும் நீளமும் கொண்ட அந்தப் போர்வையில், தங்கள் நலனுக்காக உழைத்த பெண்கள் குழுவுக்கு நன்றி தெரிவித்தும், சுறுசுறுப்பாக இருக்கச் சொன்ன அவர்களின் அறிவுரையை மறக்கவில்லை என்று கூறியும், கைதிகள் நூலாலேயே எழுதியிருக்கிறார்கள். ஒரு கிளைக்கதையும் உண்டு: கைதிகளுக்குப் பொறுப்பாளராகப் போன கெசையா ஹேட்டருக்கும் கப்பல் தலைவருக்கும் கரை சேர்வதற்குள் திருமணம் நிச்சயமாகிவிட்டது. உங்கள் வீட்டிலும், பாட்டியின் பழஞ்சேலைகளை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை ஒன்று பெட்டியடியில் இருந்தால், அதன் கதையைக் கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். நான் எல்லாவற்றையும் வாசிப்பேன்.

பெற்ற பிள்ளைகளை உறவினர் வீடுகளில் விட்டுவிட்டு ஊர்ப்பிள்ளைகளைக் கவனிக்கிறார் என்ற ஏச்சையும் அவர் கேட்டார். அதில் சிறிதும் உண்மை இல்லை என்று நான் வாதாட மாட்டேன். 1828-இல் கணவரின் வங்கி நொடித்தது. கடன்பட்டதற்காகக் குவேக்கர் சபை கணவரை விலக்கிவைத்தது. குடும்பம் பெரிய வீட்டை விட்டு, அப்டன் லேனில் ஒரு சிறிய வீட்டுக்கு மாறியது. 1842-இல் புருசிய மன்னர் நான்காம் பிரெடெரிக் வில்லியம் நியூகேட் சிறைக்கு வந்து இவர் வேதம் வாசிப்பதைக் கேட்டார். பின்னர் விருந்துண்ண வந்தது அந்தச் சிறிய வீட்டுக்குத்தான். மகன்கள், மகள்கள், மருமக்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, 25 பேரப்பிள்ளைகளையும் மன்னருக்கு அறிமுகப்படுத்தினார் இந்தப் பாட்டி. அத்தனை பெயரையும் மன்னர் நினைவில் வைத்திருந்தால் அவருக்கு இன்னொரு மகுடம் சூட்டலாம்.

ஐந்து பவுண்டு நோட்டில் 2002 முதல் சில ஆண்டுகள் அவர் படம் இருந்தது. 1845 அக்டோபர் 12 அன்று ராம்ஸ்கேட்டில் காலமானார். பார்க்கிங் என்னும் ஊரிலுள்ள குவேக்கர் இடுகாட்டில் அடக்கம் நடந்தபோது, ஆயிரம் பேருக்கு மேல் கூடி, அவர் சபையின் வழக்கப்படியே, மௌனமாக நின்றார்கள்.