ஆளுக்கு ஒருதரம் பாடிய டேனியல்

(காரைக்குடியில் ஆற்றிய உரை)

அண்ணன்மார்களே, ஆச்சிமார்களே, பின்வரிசையில் நிற்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

கண்ணதாசன் பிறந்த சீமையில் நின்றுகொண்டு அமெரிக்கப் பாடகரைப் பற்றிப் பேச வேண்டுமா என்று கேட்பீர்கள். பேசத்தான் வேண்டும். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடிய டேனியல் ஜான்ஸ்டனை நம் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

1961-ல் பிறந்தவர். மேற்கு வர்ஜீனியாவில் வளர்ந்தார். கல்லூரியில் ஒரு பெண்ணை நேசித்தார். அவர் வேறொருவரை மணந்துகொண்டார். அந்த ஒருதலைக் காதல் ஆயுள் முழுக்க அவருக்குப் பாட்டாக வந்துகொண்டே இருந்தது.

பாட ஸ்டுடியோ இல்லை. ஒரு சான்யோ டேப் ரிக்கார்டர்தான். இங்கே சிங்கப்பூர்ப் பெட்டியோடு டேப் ரிக்கார்டர் வந்து இறங்கிய அதே காலம். சிவப்புப் பொத்தானையும் ப்ளே பொத்தானையும் சேர்த்து அமுக்கி, மலேசியாவில் இருந்த மகனுக்குக் குரல் பதிந்து அனுப்பிய ஆச்சிமார் இந்த அவையிலேயே இருப்பீர்கள். டேனியலும் அப்படித்தான் பதிந்தார். நாடா ஓடும் இரைச்சல் பாட்டு முழுக்கக் கேட்கும். குரல் நடுங்கும், சுருதி விலகும்.

இன்னொன்று கேளுங்கள். ஆரம்ப நாட்களில் கேசட்டைப் பிரதியெடுக்க அவரிடம் வசதி இல்லை. யாராவது ஒன்று கேட்டால், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை மறுபடி உட்கார்ந்து பாடிக் கொடுப்பார். ஒரே ஆல்பம்தான், ஆனால் வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் கிடைத்தது அவருக்கென்றே பாடியது! உலகத்தில் எத்தனை பெரிய பாடகர் இதைச் செய்திருக்கிறார்?

டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினுக்குப் போனார். மெக்டொனால்ட்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, பார்ப்பவர் கையிலெல்லாம் கேசட்டைத் திணித்தார். 1985-ல் எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சியில் முகம் தெரிந்தது. நிர்வாணா என்ற பெயர்பெற்ற ராக் இசைக்குழுவின் பாடகர் கர்ட் கோபேன், டேனியல் வரைந்த தவளைப் படம் போட்ட சட்டையை 1992-ல் எம்டிவி விருது விழாவுக்கே அணிந்து வந்தார். உலகமே "யார் இவர்?" என்று கேட்டது. டேனியலோ கடுமையான மனநோயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

நோயால்தான் பாட்டு வந்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் ஒப்பவே மாட்டேன். நோய் அவருடைய நல்ல வருஷங்களைத் தின்றது. மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்து, தங்கள் முதுமையிலும் அவரைத் தாங்கியவர்கள் அவரைப் பெற்றவர்கள். அவர்களைப் பற்றி யாரும் மேடை போட்டுப் பேசுவதில்லை.

1994-ல் அட்லாண்டிக் என்ற பெரிய கம்பெனி ஆல்பம் போட்டது. விற்கவில்லை, ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள். 2019-ல், 58 வயதில் காலமானார்.

தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஏவி.எம். செட்டியார் படம் எடுத்த மண் இது; வசதி வரட்டும் என்று காத்திராதவர்களை நமக்குத் தெரியும். தம்பிகளே, 1983-ல் வந்த "ஹாய், ஹவ் ஆர் யூ" கேசட்டிலிருந்து தொடங்குங்கள். இரைச்சலோடு கேளுங்கள். ஸ்டுடியோவில் பதிந்த ஆல்பத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.