பேஸ் வாசிப்பவர் பஸ்ஸை விடவில்லை, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, எல்லாருக்கும் வணக்கம். "மேடைக்கு உயிர் தருவது இசைக்குழுவா, ஒற்றைக் கிட்டாரா?" நான் ஒற்றைக் கிட்டார் பக்கம். நேரம் கம்மி, அதனால நேரா எதிரணி அண்ணன் அடிச்ச கிண்டலுக்கே வர்றேன்.

அண்ணன் என்ன கேட்டார்? "ஒரு நாற்காலி, ஒரு கிழவர், ஒரு மரப்பெட்டி. பேஸ் வாசிக்கிறவர் எங்கேய்யா, பஸ்ஸை விட்டுட்டாரா?" பேஸ்னா பாட்டுக்கு அடியில ஓடற கனத்த ஒலி. நீங்களும் கைதட்டினீங்க. தட்டின கையைக் கொஞ்சம் விரிச்சு, பெருவிரலைப் பாருங்க. பேஸ் வாசிக்கிறவர் அங்கேதான் உட்கார்ந்திருக்கார்!

அமெரிக்காவில் மிசிசிப்பி ஜான் ஹர்ட்னு ஒரு ப்ளூஸ் பாடகர். ப்ளூஸ்னா அங்கத்த கறுப்பின மக்களோட நாட்டுப்புற இசை. ஒன்பது வயசுல தானாகவே கிட்டார் கத்துக்கிட்டவர். சி கார்டுங்கிற விரல்பிடி பிடிச்சா, வலது கைப் பெருவிரல் கனத்த கம்பிகள்ல 5ஆவது கம்பி, 4ஆவது கம்பி, மறுபடி 5, மறுபடி 4ன்னு நடக்கும். பாட்டு முடியிற வரைக்கும் நிக்காது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெல்லிய கம்பிகள்ல மெட்டு வாசிக்கும், அதுவும் பாதி இடத்துல பெருவிரலோட ரெண்டு அடிக்கு நடுவுல வந்து விழும். கத்துக்கிறவங்க கவிழ்றதே அங்கேதான். மெட்டு தள்ளி வந்தா பெருவிரலும் "இருப்பா, நானும் வர்றேன்"னு நின்னுடும். தாளம் காலி. அதனால முதல்ல பெருவிரலை மட்டும் ஓட விடணும். அது பாட்டுக்கு ஓடும்போதே பக்கத்து ஆளோட பேச வந்தாத்தான் மெட்டுல ஒரே ஒரு ஸ்வரம் சேர்க்கலாம்.

இன்னொண்ணு, உள்ளங்கையோட அடிப்பகுதி, கம்பியைப் பலகையில தாங்குற பிரிட்ஜ் மேல லேசாப் படணும். ரொம்ப முன்னால வந்தா கம்பி 'தொப்பு தொப்பு'ன்னு செத்துப்போகும். எடுத்துட்டா பேஸ் பொங்கி மெட்டை முழுங்கிடும். அண்ணன் குழுவுல இதுக்குத்தான் சவுண்ட் மிக்ஸர்னு ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்கறாங்க!

குழுவுல ஒருத்தர் கம்பி அறுந்தா மத்தவங்க சமாளிப்பாங்க. தனியாளுக்கு யார் இருக்கா? ஆறு இரும்புக் கம்பியும் சேர்ந்து அந்த மெல்லிய பலகையை இழுக்கிற இழுப்பு சுமார் 70 கிலோ, ஒரு ஆள் எடை! மேடை விளக்குச் சூட்டுல கம்பி தளர்ந்து சுருதி இறங்கும். அன்னைக்கே மாட்டின புதுக் கம்பின்னா கேட்கவே வேண்டாம், முதல் நாளே மாட்டி இழுத்துவிட்டிருக்கணும். மைக்கைக் கிட்டாரோட வட்டத் துளைக்கு நேரா வெச்சா 'ஊ'ன்னு ஊளையிடும். கிட்டார் கழுத்துல ஃப்ரெட்னு குறுக்கே உலோகக் கோடு இருக்கும், அதுல 12ஆவது பக்கம், ஒரு அடி தள்ளி வைக்கணும். இத்தனையும் ஒத்த ஆள் பார்த்துக்கிட்டே பாடவும் வேணும், நடுவர் அவர்களே. வீட்டுல நம்ம அம்மா மாதிரி.

இப்போ கதைக்கு வர்றேன். 1928ல ஹர்ட் மெம்ஃபிஸ்லயும் நியூயார்க்லயும் ஓக்கேங்கிற ரெக்கார்டு கம்பெனிக்குப் பாடிக் கொடுத்தார். ரெக்கார்டு விக்கலை. அடுத்த வருஷமே பெரும் பொருளாதார மந்தம். இவர் வயலுக்கும் மாட்டுக்கும் திரும்பிட்டார். எத்தனை வருஷம்? 35 வருஷம்!

அந்த ரெக்கார்டுல ஒண்ணு அவலான் ப்ளூஸ். அதுல என் சொந்த ஊர் அவலான்னு பாடியிருப்பார். அதைக் கேட்ட டாம் ஹாஸ்கின்ஸ்ங்கிற இளைஞர், ஊரைத் தேடினா அப்போ இருந்த வரைபடத்துல ஊரே இல்லை. பழைய அட்லஸ்ல இருக்கு! 1963ல கிளம்பிப் போய்க் கடையில விசாரிச்சார். அந்த ஆளா, மேட்டுல மூணாவது தபால்பெட்டின்னு சாதாரணமாக் காட்டறாங்க. யோசிச்சுப் பாருங்க, உலகம் தேடற மனுஷன், உள்ளூர்ல மூணாவது தபால்பெட்டி!

கதவைத் தட்டினார். ஹர்ட் என்ன நினைச்சார்? அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை எஃப்.பி.ஐ. வந்திருக்குன்னு! வாங்க, வடக்கே போய்ப் பாடலாம்னு கூப்பிட்டா, வேண்டாம்னு சொன்னாலும் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயந்து சரின்னுட்டார். அண்ணே, கச்சேரிக்கு அழைப்பு வந்ததைக் கைதுன்னு நினைச்ச ஒரே வித்வான் இவர்தான்! நம்ம ஊர்ல சில கச்சேரியில கேட்கிறவங்கதான் அப்படி நினைப்பாங்க.

மணி அடிக்காதீங்க ஐயா, ஒரே நிமிஷம்.

அந்த வீட்டுல அன்னைக்குக் கிட்டார் இல்லை, நடுவர் அவர்களே. வந்தவர் தன் கிட்டாரைக் கொடுத்தார். அதே வருஷம் ஜூலையில ரோட் ஐலண்டுல நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா. தொப்பி போட்ட எழுபது வயசு மனுஷன் ஒரு நாற்காலியில உட்கார்ந்து, ரகசியம் சொல்ற மாதிரி மெல்லப் பாடறார். அதுக்கப்புறம் அவருக்குக் கிடைச்சது மூணே வருஷம். 1966 நவம்பர் 2ஆம் தேதி போயிட்டார்.

35 வருஷம் யாரும் கூப்பிடலை. கூட வாசிக்க எந்தக் குழுவும் காத்துக்கிட்டு இல்லை. அந்தப் பெருவிரல் மட்டும் இருந்தது, அண்ணே. அஞ்சு, நாலு, அஞ்சு, நாலு...