அப்பா கேட்கிற கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். முக்கியமாக, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பின்வரிசையில் நிற்கிற அப்பாக்களுக்கு.

தந்தையின் கடமை என்று தொடங்கினால் எந்தச் செய்யுளைச் சொல்வேன் என்று உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். நான் பேச வந்தது ஒரு சின்ன விஷயம். இரண்டு, மூன்று வயதுக் குழந்தையை மடியில் வைத்து அப்பா ஒரு படப்புத்தகம் வாசித்தால் என்ன நடக்கிறது?

இதைக் கேட்டதும் பல அப்பாக்கள், "எனக்கு அதெல்லாம் வராதுங்க, அவங்கதான் நல்லா வாசிப்பாங்க" என்று மனைவியைக் காட்டிவிடுவார்கள். ஆராய்ச்சியாளர்களும் வெகுகாலம் அம்மாவின் பேச்சைத்தான் அதிகம் கவனித்தார்கள். அப்பா எப்படிப் பேசுகிறார் என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் சுவாரஸ்யமான ஒன்று தெரிந்தது.

1975இல் ஜீன் பெர்கோ கிளீசன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதை எழுதினார். நாள் முழுக்கக் கூடவே இருப்பவருக்குக் குழந்தையின் மழலை அத்துப்படி. பாதிச் சொல் வந்ததுமே மீதியை ஊகித்துக்கொள்வார். குறைந்த நேரமே கூட இருக்கிற அப்பாவுக்கு அது புரியாது. "என்னது? திரும்பச் சொல்லு" என்பார். குழந்தை இன்னொரு விதமாக, இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொல்லிப் பார்க்கும். வெளியாட்களிடம் பேச அதற்கு இதுவே பயிற்சி. அப்பா வெளியுலகத்துக்கு ஒரு பாலம் என்றார் கிளீசன். நாளெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அப்பா என்றால், பாலம் அம்மாவாக இருப்பார், அதிலொன்றும் தப்பில்லை. ஆக, 'எனக்கு வராது' என்று நீங்கள் கூச்சப்படுகிற அந்தப் புரியாமையே குழந்தைக்கு ஒரு வேலை கொடுக்கிறது.

2006இல் பான்சோஃபர், வெர்னன்-ஃபீகன்ஸ் என்ற இருவர், தாய் தந்தை இருவருமே வேலைக்குப் போகிற குடும்பங்களைப் பார்த்தார்கள். குழந்தைக்கு 2 வயதாக இருக்கும்போது அப்பா எத்தனை விதமான சொற்களைப் பேசினார் என்று கணக்கெடுத்தார்கள். அதற்கும் 3 வயதில் குழந்தையின் மொழித்திறனுக்கும் தொடர்பு இருந்தது. தொடர்பு இருப்பதாலேயே அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. அம்மா பேசுவது வீண் என்றும் ஆகிவிடாது. ஆனால் அப்பாவின் பேச்சு ஒரு ஓரத்தில் கிடக்கிற சரக்கு இல்லை என்பது மட்டும் உறுதி.

சரி, பேசினால் போதாதா, புத்தகம் எதற்கு? வீட்டில் நாம் குழந்தையோடு பேசுவதைக் கொஞ்சம் கவனியுங்கள். வா, சாப்பிடு, அதைத் தொடாதே, தூங்கு. சுற்றிச்சுற்றி அதே சொற்கள். ஹேஸ், அஹ்ரென்ஸ் இருவரும் 1988இல் ஆங்கிலத்தில் எண்ணிப் பார்த்தார்கள். கல்லூரிப் படிப்பு முடித்த பெரியவர்கள் தங்களுக்குள் பேசும்போது ஆயிரம் சொற்களுக்குச் சுமார் 17 அரிய சொற்கள் வந்தன. சிறுவர் புத்தகங்களில் சுமார் 31! படித்த மனிதரின் அரட்டையைவிடப் பிள்ளைகள் புத்தகத்தில் சொல்வளம் அதிகம்.

எப்படி வாசிப்பது? ஒரே மூச்சில் கடைசிப் பக்கம்வரை ஓட்டிவிடாதீர்கள். 1988இல் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் நடத்திய சோதனையில் இரண்டு பிரிவுப் பெற்றோரும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வாசித்தார்கள். ஆனால் ஒரு பிரிவினர் இடையிடையே நிறுத்தி, கேள்வி கேட்டு, குழந்தை சொன்னதை நீட்டிச் சொல்லப் பழகியிருந்தார்கள். ஒரே மாதத்தில் அவர்களுடைய குழந்தைகள் பேச்சில் முந்திவிட்டார்கள். உதாரணமாக, படத்தில் ஒரு நாய். குழந்தை "நாய்" என்கிறது. "ஆமா, நனைஞ்ச நாய். எப்படி நனைஞ்சுது?" என்று கேளுங்கள். "மழை" என்று ஒற்றைச் சொல் வரும். "மழையில நனைஞ்சுதா! குடை இல்லையா அதுக்கு?" அப்புறம் நாய்க்கு எந்தக் காலில் குடை பிடிக்கலாம் என்று பெரிய விவாதமே நடக்கும். கதை அந்தப் பக்கத்திலேயே நின்றுவிடும். நிற்கட்டும். அந்த விவாதத்துக்காகத்தான் புத்தகமே.

இன்னொன்று, நாம் வாசிக்கும்போது குழந்தை எழுத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறோம். கண் அசைவைப் பதிவுசெய்து பார்த்தபோது அது பெரும்பாலும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வப்போது வரிக்குக் கீழே விரலை ஓட்டிக் காட்டுங்கள். பெயரின் முதல் எழுத்து எங்கேயாவது வந்தால், "உன் எழுத்து!" என்று தொட்டுக் காட்டுங்கள். அதற்காக மடியைப் பள்ளிக்கூடம் ஆக்கிவிட வேண்டாம். மூன்றாவது கேள்வியிலேயே பரீட்சை வாடை அடித்தால் பிள்ளை இறங்கி ஓடிவிடும்.

அதே புத்தகத்தைத்தான் தினமும் கேட்கிறான் என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 3 வயதுக் குழந்தைகளிடம் செய்து, 2011இல் வெளியான ஓர் ஆய்வில், வெவ்வேறு கதைகளைக் கேட்டவர்களைவிட ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் அதிலிருந்த புதுச்சொற்களை நன்றாகக் கற்றார்கள். கொட்டாவி உங்களுக்குத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரளமாக வாசிக்க வராத அப்பாக்களும் இங்கே இருக்கலாம். வெட்கப்படத் தேவையே இல்லை. எழுத்தில்லாத படக்கதைகள் இருக்கின்றன. எழுத்து இருந்தாலும் படத்தைப் பார்த்து நீங்களே கதை கட்டலாம். வரி மாறிவிட்டது என்று மூன்று வயது ஆள் வழக்குப் போடமாட்டார். வீட்டில் பேசுகிற மொழியிலேயே சொல்லுங்கள். வெளியூரில் இருக்கிறீர்களா, குரலைப் பதிவுசெய்து அனுப்புங்கள். பிரிட்டனில் டார்ட்மூர் சிறையில் 'ஸ்டோரிபுக் டாட்ஸ்' என்ற ஏற்பாடு இப்படித்தான் தொடங்கியது. சிறையில் இருக்கிற அப்பா கதையைப் பதிவுசெய்து தருவார். வீட்டில் குழந்தை போட்டுக் கேட்கும்.

எந்த வயதில் ஆரம்பிப்பது என்று கேட்பீர்கள். குழந்தைப் பருவத்தின் தொடக்கத்திலேயே என்று 2014இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் சொல்லிவிட்டது. ஆறு மாதக் குழந்தை புத்தகத்தை முதலில் கடித்துத்தான் பார்க்கும். கெட்டி அட்டைப் புத்தகமாகக் கொடுங்கள், கடிக்கட்டும். உங்கள் கேள்விகளை இனி எடுத்துக்கொள்கிறேன். பின்வரிசையில் இருந்தே தொடங்கலாம்.