ஓடாநிலை என்ற பேரைச் சொல்லிக் கேட்டார்களே, அதற்குப் பதில்

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். எதிரணிக்கும் வணக்கம். பொங்கல் லீவில் பிள்ளைகள் கூப்பிட்டார்கள் என்பதற்காகவே வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு ரெண்டு வணக்கம்.

தலைப்பு எல்லாருக்கும் தெரியும். நம்மால் வெல்லவே முடியாத டிராகன் எதிரே வந்து நின்றால் பார்ட்டி, அதாவது கூடி ஆடுகிற குழு, நின்று மோதுவதா, விலகிப் போவதா? நான் விலகிப் போவது என்ற பக்கம்.

கடைசி வரிசையில் இருக்கும் ஆத்தாமார்களுக்காக ஒரு நிமிஷம். இது கம்ப்யூட்டரில் ஆடுவது இல்லைங்க. 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்று ரெண்டு பேர் போட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டம். ஒருத்தர் கதை நடத்துவார், அவர்தான் டிஎம். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம்: ஒருத்தன் வாள் பிடிப்பவன், ஒருத்தன் மந்திரக்காரன், ஒருத்தி திருடி. என்ன செய்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும், நடக்குமா நடக்காதா என்று இருபது முகம் உள்ள பகடை சொல்லும். நம்ம திண்ணையில் கதை சொல்கிற மாதிரிதான், ஆனால் கதைக்குள் நாமே இருப்போம். வேஷம் செத்தால் பெரும்பாலும் செத்ததுதான். ஏழு மாசம் வளர்த்த ஆள் ஒரே சாயங்காலத்தில் போய்விடுவான், அந்த வலி ஆடினவர்களுக்குத் தெரியும்.

சரி, எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒன்று சொன்னார். "ஓடாநிலை என்று ஊருக்கே பேர் வைத்த மண்ணில் பிறந்துவிட்டு, ஓடுவதற்கு வக்காலத்து வாங்க வந்திருக்கிறார்கள், இவர்கள் கையில் எதுக்குப் பகடை, ஒரு விசில் கொடுங்கள்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். இருக்கட்டும், அதுக்கு வரேன். வராமல் இறங்க மாட்டேன். அதுக்கு முன்னாடி எங்க மேசையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மேசை என்று பேருக்குத்தான் சொல்வது. சென்னிமலையில் எங்க பெரியப்பாவுடைய தறிக் குடோன். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. பவானி ஜமுக்காளத்தை விரித்து டிஎம்மோடு ஆறு பேர் உட்காருவோம். எங்க மாமா மகன், என் மச்சான், அவன்தான் டிஎம். நான் ஃபைட்டர், அதாவது வாள் பிடிப்பவன். எங்க அண்ணன் மகள் ரோக், அதாவது திருடி. அப்போது அவள் ஏழாவது படிக்கிறாள். எல்லாரும் அஞ்சாவது லெவல்.

ஒரு குகைக்குள் போகிறோம். மச்சான் குரலை இறக்கினான். "சூடா இருக்கு. பாறை வேர்க்குது." அப்புறம் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. டியூப்லைட் மட்டும் கிர்ரென்று கத்துகிறது. அப்புறம் சொன்னான்: "நீங்க மேடுன்னு நினைச்சு ஏறி நிக்கறீங்களே, அது மூச்சு விடுது."

வளர்ந்த செந்நிற டிராகன். 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதற்கு 256 ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப் புள்ளி; அடி விழாமல் தடுக்கும் கவச எண் 19. என் ஃபைட்டர் அடி விழ வேண்டும் என்றால், அவன் பலத்தையும் கூட்டி, பகடையில் 12 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். ஒரு முறைக்கு ரெண்டு வெட்டு, விழுந்தால் சராசரியாகப் பதினொன்று. கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்குப் பத்து. 256ஐப் பத்தால் வகுங்கள். இருபத்தாறு சுற்று நான் உயிரோடு நின்று வெட்ட வேண்டும். அது என்ன சும்மாவா நிற்கும்? அறுபது அடி நீளத்துக்கு நெருப்பை விசிறும், பட்டால் சராசரியாக 63 உயிர்ப் புள்ளி போகும். எங்க மந்திரக்காரனுக்கு மொத்த உயிரே 32. தப்பிக்கும் பகடை விழுந்தால் பாதி, அதாவது 31. ஒரே ஒரு புள்ளியோடு நிற்பான். விழவில்லை என்றால், 63 வந்தால் சுருண்டு விழுந்து உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடப்பான், 64 வந்தால் அந்த இடத்திலேயே முடிந்தது, இழுபறிகூடக் கிடையாது. அந்த ஒரு புள்ளி வித்தியாசத்தை அன்றைக்கு நாங்கள் ஷீட்டில் பென்சிலால் போட்டுப் பார்த்தோம், அவன் முகம் வெளுத்துப் போனது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அவனிடம் இருந்த பெரிய மந்திரம் நெருப்பு உருண்டை. செந்நிற டிராகனை நெருப்பு ஒன்றும் செய்யாது.

எதிரணியில் கணக்குத் தெரிந்த அம்மா ஒருத்தர், "ஓடினாலும் சாவுதானே, அது ஒரு முறைக்கு எண்பது அடி பறக்கும், நீங்கள் தலைதெறிக்க ஓடினாலும் அறுபது" என்று கேட்டார். நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். வெட்டவெளியில் ஓடினால் சாவுதான். ஆனால் நாங்கள் வந்த வழி அஞ்சடி அகலம். அந்த உடம்பு அதில் நுழையாது. வளைவு தாண்டிவிட்டால் நெருப்பும் எட்டாது. அந்தப் பொந்துக்குப் போய்ச் சேர ஒரே ஒரு சுற்று வேண்டும். அந்த ஒரு சுற்றை யார் கொடுப்பது?

நான் சொன்னேன், "நான் நிக்கறேன், நீங்க போங்க." கிளெரிக், அதாவது காயம் ஆற்றுகிற பூசாரி வேஷம், சொன்னான், "நீ நின்னா நானும் நிக்கறேன்." மந்திரக்காரன், "அப்ப நான் மட்டும் போவனா?" பார்த்துக்கொள்ளுங்கள், அஞ்சு நிமிஷத்தில் நாலு பேரும் நிற்கிறோம். வீரம் வந்துவிட்டது. வீரம் ஒருத்தனுக்கு வந்தால் கொட்டாவி மாதிரி எல்லாருக்கும் வந்துவிடுகிறது.

அப்போதுதான் அந்தப் பிள்ளை மெதுவாகக் கேட்டது. "சித்தப்பா, பை யார்கிட்ட இருக்கு?"

பை. ஏழு மாசம் சேர்த்த பை. 412 பொன். கோபியில் டியூசன் விட்டு வந்து ஆடிய நாள், திருப்பூரில் ஷிப்ட் முடித்துத் தூக்கக் கண்ணோடு வந்து ஆடிய நாள், எல்லாம் சேர்ந்த 412 பொன். அதில்தான் எனக்கு நல்ல கவசம் வாங்குவதாகப் பேச்சு.

"என்கிட்டதான் இருக்கு, ஏன் அம்மிணி?"

"குடுங்க."

கொடுத்தேன். அவள் டிஎம் பக்கம் திரும்பி, "மாமா, நான் இதை அது முன்னால போடறேன்" என்றாள். மச்சான் விவரமானவன். உடனே கேட்டான்: "மூட்டையோட போடறயா, அவிழ்த்துக் கொட்டறயா?"

இந்த இடத்தை நான் திரும்பச் சொல்லணும்ங்க, மன்னிச்சுக்குங்க. நாலு பெரிய ஆம்பளைகள் சாகத் தயாராக வரிசை கட்டி நிற்கிறோம். கையில் வாள், வாயில் வசனம். நடுவில் ஏழாவது படிக்கிற பிள்ளை, சடையைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு, ஜமுக்காளத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து யோசிக்கிறது. மூட்டையா, கொட்டறதா.

"கொட்டறேன் மாமா. மூட்டையாப் போட்டா அது தூக்கிக்கிட்டுத் துரத்தும். கொட்டுனா எண்ணும்."

"ஏன் எண்ணும்?"

"எங்க அமுச்சி எண்ணுவாங்க. கடையில சில்லறை கீழ கொட்டுனா, வாசல்ல யாரு நின்னாலும் பாக்க மாட்டாங்க, எண்ணி முடிச்சுட்டுத்தான் நிமிருவாங்க."

மச்சான் பகடையை உருட்டச் சொன்னான். அந்தப் பிள்ளை உள்ளங்கையில் வைத்து ஊதி உருட்டியது. பகடை ஜமுக்காளம் தாண்டி சிமென்ட் தரையில் ஓடித் தறிக்கு அடியில் போய் நின்றது. அஞ்சு பேரும் தலையைச் சாய்த்து மொபைல் வெளிச்சம் அடித்துப் பார்க்கிறோம். பஞ்சுத் தூசிக்குள் பதினெட்டு.

டிராகன் குனிந்தது. முதல் பொன்னை நகத்தால் நகர்த்தி வைத்தது. ரெண்டாவதை நகர்த்தி வைத்தது. நாங்கள் அஞ்சு பேரும் பொந்துக்குள் போய்விட்டோம்.

சிலர் இதை டிஎம் காட்டிய கருணை என்பார்கள். இல்லைங்க. 1981ல் வந்த பழைய விதிகளிலேயே இருக்கிறது, துரத்துகிற பூதத்தின் முன்னால் சாப்பாட்டையோ பொன்னையோ போட்டால் அது நின்று பொறுக்கலாம் என்று. அந்தக் காலத்து விதியில் ஒரு பொன் வெளியே கொண்டுவந்தால் ஒரு அனுபவப் புள்ளி, கொல்வதால் வருவது கொஞ்சம்தான். இந்த ஆட்டத்தை உண்டாக்கினவர்களே விலகிப் போவதற்குக் கதவு வைத்துத்தான் கட்டினார்கள். ஆடுகிற நாம்தான் அந்தக் கதவை அடைத்துக்கொண்டோம்.

இப்போது ஓடாநிலைக்கு வருகிறேன்.

தம்பி, அந்தப் பேரைச் சொன்னதற்கு உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன், ஏனென்றால் அரச்சலூர் பக்கம் தீரன் சின்னமலையின் கோட்டை இருந்த அந்த ஊருக்கு நான் பத்து வயசிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன். ஆடிப் பெருக்கு அன்றைக்கு மாலை போடப் போகிற கூட்டத்தில் எங்க அப்பாரு தோளில் உட்கார்ந்து போனவன். தீரன் சின்னமலை 1801ல் காவிரிக் கரையில் கும்பினியை, அதாவது வெள்ளைக்காரக் கம்பெனிப் படையை அடித்தார். 1802ல் ஓடாநிலையில் அடித்தார். 1804ல் அரச்சலூரில் அடித்தார். எப்போது நிற்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்புறம் என்ன நடந்தது? அதை ஏன் தம்பி நீங்கள் சொல்லவில்லை? கும்பினி பீரங்கிகளோடு பெரும்படை கட்டி அந்தக் கோட்டைக்கே வந்தது. முன்னாடியே சேதி வந்துவிட்டது, செருப்புக்குள் மறைத்து அனுப்பிய சேதி என்று எங்க பக்கம் சொல்வார்கள். படை வந்து பார்த்தபோது கோட்டை காலி. ஓடாநிலைக் கோட்டையிலிருந்து சின்னமலை விலகிக் கருமலைப் பக்கம் போய்விட்டார். கோபத்தில் வெறும் கோட்டையை இடித்தார்கள்.

அந்தப் பெரிய மனுஷனை ஓடிப் போனவர் என்று சொல்ல இந்த மண்டபத்தில் யாருக்காவது வாய் வருமா? எனக்கு வராது. அவர் விலகினது உயிருக்குப் பயந்து இல்லை. கூட இருந்த ஆட்களைப் பீரங்கி வாயில் கொடுக்க மனசில்லாமல் விலகினார் என்றுதான் நான் நம்புகிறேன். களத்தில் அவரைப் பிடிக்க முடியவில்லை. காட்டிக்கொடுத்துத்தான் பிடித்தார்கள், 1805 ஜூலை 31 அன்று சங்ககிரியில் தூக்கில் போட்டார்கள். ஓடாநிலை என்றால் ஓடாத நிலை என்று நீங்கள் பிரித்தீர்கள். சரி. அந்த நிலை மனசில் இருக்க வேண்டியது தம்பி, காலில் இல்லை. கல்லும் மண்ணும் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு வந்தவர்தான் அந்தப் பேருக்கு இன்றைக்கும் மதிப்பாக நிற்கிறார்.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். இன்னும் ரெண்டு நிமிஷம் கொடுங்கள் ஐயா. இதைச் சொல்லத்தான் நான் இந்தப் பக்கம் பேசுகிறேன் என்றே பேர் கொடுத்தேன்.

அந்தத் தறிக் குடோன் என்றேனே. அன்றைக்கு வாசலில் கயித்துக் கட்டில் போட்டு எங்க பெரியப்பா படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தோம். அவருக்கு அப்போது எட்டு தறி. நூல் விலை ஏறி, கூலி கட்டுப்படியாகாமல், நூல் கடையில் பாக்கி, பாக்கிக்கு வட்டி, வட்டி கட்டக் கைமாத்து. தறியை விற்று அடைத்துவிடுங்கள் என்று வீட்டில் எல்லாரும் சொல்லிப் பார்த்தாயிற்று. "எங்கப்பன் போட்ட தறி, ஊருக்குள்ள என்ன சொல்லுவாங்க" என்பார். ரெண்டு வருஷம் அப்படியே நின்றார். சோறு குறைந்தது. ராத்திரியில் எழுந்து குடோனுக்குள் போய் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பார். பெரியம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாங்க, கூப்பிட மாட்டாங்க. கிணத்துப் பக்கம் போகிற தடத்தில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்து வைத்தாங்க. எதுக்கு என்று யாரும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வாரம், காலையில் பல் விளக்கிவிட்டு வந்தவர், எங்க அண்ணன் மகளைக் கூப்பிட்டார். "அம்மிணி, அன்னிக்கு அவிழ்த்துக் கொட்டுனயே, மனசு வந்துச்சா?"

அவள் சொன்னாள், "கஷ்டமாத்தான் இருந்துச்சு அப்பாரு. ஆனா சித்தப்பா செத்துப் போயிருப்பாங்கல்ல."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாசமே ஆறு தறியைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்தார். லாரியில் ஏற்றும்போது ஒவ்வொரு தறியையும் தொட்டுக் கும்பிட்டார். நூல் பாக்கி அடைந்தது. ஊர் ஒரு வாரம் பேசியது, அப்புறம் வேறு பேச்சுக்குப் போய்விட்டது. பெரியம்மா முள்ளை எடுத்துப் போட்டாங்க. மிச்சம் ரெண்டு தறி இன்றைக்கும் ஓடுகிறது, ஞாயிற்றுக்கிழமை நிறுத்திவிட்டு எங்களுக்கு அவரே குடோனைக் கூட்டி வைக்கிறார்.

மூணாவது வரிசையில், தோளில் சிவப்புக் கரைத் துண்டு போட்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். பெரியப்பா, எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்க.

எங்க பார்ட்டி இப்போது ஒன்பதாவது லெவல். அந்தக் குகைக்கு நாங்கள் இன்னும் திரும்பிப் போகவில்லை. ஜமுக்காளம் விரிக்கிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பிள்ளை பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்கும்: "சித்தப்பா, அது எண்ணி முடிச்சிருக்குமா?"

நன்றி, வணக்கம்.