உளி மழுங்கும் கல்லில் ஒரு சாடி

[காட்சி: இருட்டு. கருஞ்சிவப்புச் சாடி ஒன்றின் மேல் மட்டும் வெளிச்சம்.]

கி.பி. 211. ரோமப் பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் பிரிட்டனில் சாகக் கிடக்கிறார். தன் சாம்பலை வைக்கப்போகும் சாடியைக் கொண்டுவரச் சொல்லித் தடவிப் பார்த்தாராம். "உலகமே கொள்ளாத ஒருவனை நீ கொள்ளப் போகிறாய்" என்றாராம். அந்தக் கால வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதிவைத்த கதை. சாடி ஊதாக் கல்லால் ஆனது என்றும் சொல்கிறார்.

ரோமர்களுக்கு ஊதாக் கல் என்றால் போர்ஃபிரி. அது கிடைத்த இடம் எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் ஒரே ஒரு மலை. இன்றைய பெயர் கெபல் துகான், அதாவது புகை மலை.

[காட்சி: மொட்டை மலைகள், சரிவில் பழைய பாதை.]

கி.பி. 18 ஜூலையில் காயஸ் கோமினியஸ் லியூகஸ் என்பவர் இந்தக் கல்லைக் கண்டுபிடித்திருக்கிறார். எப்படித் தெரியும்? அவரே கல்வெட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்! வெட்டிய கல்லை மலையிலிருந்து சறுக்கி இறக்கி, தண்ணீரில்லாத பாலைவனத்தில் சுமார் 150 கிலோமீட்டர் இழுத்து நைல் நதிக்குக் கொண்டுபோனார்கள். அப்புறம்தான் படகு.

சரி, கல் வந்துவிட்டது. வேலையே இனிமேல்தான். இது எரிமலைக் குழம்பு இறுகிய பாறை. பளிங்கைச் செதுக்குவதுபோல இதைச் செதுக்க முடியாது, இரும்பு உளி சீக்கிரம் மழுங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் பொளிந்து, எமரி என்ற கடினமான கல்லின் தூள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத்தான் உருவம் வரும். வெளிப்பக்கமாவது பரவாயில்லை, குறுகிய கழுத்து வழியாக உள்ளே குடைவதை நினைத்துப் பாருங்கள். வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இதே கல்லில் ஒரு தொட்டி இருக்கிறது, சுற்றளவு சுமார் 13 மீட்டர். ஆனாலும் என் ஓட்டு சின்னச் சாடிகளுக்குத்தான்.

[காட்சி: தங்கக் கழுகுத் தலை.]

ஐந்தாம் நூற்றாண்டுவாக்கில் அந்த மலையில் கல் வெட்டுவது ஓய்ந்தது. இடமே மறந்துபோய், 1823-இல்தான் ஐரோப்பியர்கள் மறுபடி கண்டுபிடித்தார்கள். ஆனால் சாடிகள் கைமாறிக்கொண்டே இருந்தன. 12-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் அருகே செயின்ட் டெனிஸ் மடத்தின் தலைவர் சூஜே, பெட்டியில் சும்மா கிடந்த ஒரு போர்ஃபிரிச் சாடியை எடுத்தார். தங்கம் பூசிய வெள்ளியில் கழுகின் தலை, சிறகு, கால் எல்லாம் பொருத்தினார். சாடியே கழுகின் உடம்பு! இன்று அது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கழுத்தில் லத்தீனில் ஒரு வரி: "இது பளிங்காக இருந்தது, இப்போது பளிங்கைவிட விலை உயர்ந்தது."

பளிங்காம். உளி பிடித்தவன் கேட்டிருந்தால் சிரித்திருப்பான்.