பள்ளிக்கூடத்தை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோர் அனைவருக்கும் வணக்கம். "சிறு குழந்தைகளுக்கு வீட்டிலேயே கல்வி தருவது குடும்பத்துக்கு அமைதியா, சுமையா?" என்பது இன்றைய கேள்வி. அமைதிதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு தாயின் நாளை விவரித்தார். எட்டு மணிக்குக் கணக்கு, ஒன்பதுக்கு அறிவியல், பத்துக்குக் கையெழுத்து. சாயங்காலத்துக்குள் தாயும் அழுகிறார், பிள்ளையும் அழுகிறது என்றார். உண்மை, அப்படிப்பட்ட வீடுகள் உண்டு. ஆனால் அந்தத் தாயை அழவைப்பது வீட்டுக் கல்வியா? மணி, அட்டவணை, மதிப்பெண் என்று ஒரு பள்ளிக்கூடமே அவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது! ஒரே ஆசிரியர் முப்பது பிள்ளைகளைப் பார்க்க வேண்டிய இடத்தில் அதெல்லாம் தேவைதான். வருகைப் பதிவு, வரிசை, கடைசிப் பிள்ளை எழுதி முடிக்கும்வரை காத்திருப்பு என்று அங்கே பாதி நேரம் கரைந்துவிடும். பக்கத்தில் ஒரே ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது இவை எதற்கு?

சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைச் சொல்லிவிட்டார்: எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு பாடம் 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டியதில்லை. மிச்ச நேரத்தில் வெளியே போய் மரத்தையும் பூச்சியையும் பார்க்கட்டும் என்றார்.

அப்படியானால் நாள் எப்படிப் போகும்? கொஞ்சம் வாசிப்பு, கொஞ்சம் எண்கள். மாவு அளக்கும்போது அரையும் காலும் தானாக வரும். துவைத்த துணியில் காலுறைகளை ஜோடி சேர்க்கும்போது இரட்டைப்படை புரியும். ஒரே கதையைப் பத்தாவது முறையாகக் கேட்டால் பத்தாவது முறையும் வாசித்துக் காட்டுங்கள். குழந்தை ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் விளையாட்டு, நிறைய விளையாட்டு. "போரடிக்குது" என்று வந்து நின்றால் பதறவே வேண்டாம். சும்மா விட்டால் சற்று நேரத்தில் பெட்டியைக் கப்பலாக்கிவிடும்.

"பின்தங்கிவிடுவார்களே" என்றார் எதிரணித் தலைவர். பின்லாந்தில் குழந்தைக்கு ஏழு வயதாகும் ஆண்டில்தான் கட்டாயக் கல்வியே தொடங்குகிறது. அந்த நாடுதான் பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பிசா தேர்வில், 2000ஆம் ஆண்டு வாசிப்பில் முதலிடம் பிடித்தது. நான்கு வயதில் எழுத்து வரவில்லையே என்று நாம் ஏன் தூக்கம் கெட வேண்டும்?

நண்பர்கள் வேண்டும் என்றார்கள். கட்டாயம் வேண்டும். பூங்காவுக்கு, நூலகத்துக்கு, உறவுகள் வீட்டுக்கு அழைத்துப் போகும் பொறுப்பு பெற்றோருடையது. அதில் சோம்பல் கூடாது.

எல்லாக் குடும்பத்தாலும் இது முடியாது, ஒத்துக்கொள்கிறேன். வீட்டில் ஒருவர் இருக்க வசதி வேண்டும். முடிகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை முதலில் நிறுத்துங்கள். சுமையில் பெரும்பங்கு அதுதான். உங்கள் பிள்ளை இன்று கூட்டலில் தடுமாறினால் புத்தகத்தை மூடிவிட்டு அடுத்த வாரம் திறக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. அந்த நிதானம் வீட்டில்தான் கிடைக்கும் என்பதால் தீர்ப்பை எங்கள் அணிக்குத் தருமாறு நடுவரைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.