பானையில் இருக்கும் விதை

(கோத்தகிரி பக்கம் நடந்த உழவர் கூட்டத்தில் பேசியது)

தலைவர் அவர்களே, ஊர் கவுடர் அவர்களே, இந்த மழையிலும் மேலே ஏறி வந்திருக்கும் வேளாண் துறை அதிகாரிகளே, விறகு வேலையைப் போட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாமார்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. மண்ணின் புளிப்பு, பயிரின் வேர், ஊருக்கு ஒரு விதை அறை என்று மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன்.

விளையும் பயிர் முளையிலே தெரியும். நான் அதைப் பாட்டி காட்டில் பார்த்தேன். அப்பா ஒரு வருஷம் சமவெளியிலிருந்து ஒரு மூட்டை கோதுமை விதை வாங்கி வந்து, மேல்காட்டில் பாதியில் விதைத்தார். மீதிப் பாதியில் பாட்டி தன் பானையிலிருந்த பழைய விதையைத்தான் போடுவேன் என்று நின்றார். வீட்டில் மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை! சரி, முளைத்தது. ஒரு மாதத்தில் அப்பா பக்கம் மஞ்சளடித்துவிட்டது. யூரியா போட்டார், தேறவில்லை. பாட்டி இரண்டு பக்கமும் ஒவ்வொரு செடியைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். அப்பாவுடையதில் வேர் தடித்து, பழுப்பாக, விரல் நீளம்கூட இல்லை. பாட்டியுடையது தாடி மாதிரி தொங்கியது.

காரணம் பிறகுதான் படித்தேன். நம் மலை மண் புளிப்பு மண். புளிப்பை அளக்கும் எண் பிஎச், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அது 5-க்குக் கீழே இறங்கினால் மண்ணில் பூட்டிக் கிடக்கும் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும், மணிச்சத்தும், அதாவது பாஸ்பரஸும், பயிருக்குக் கிடைக்காமல் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். தேயிலைக்கு இந்த மண் ஒத்துப்போகும், கோதுமைக்கு ஆகாது. ஆனால் சில கோதுமை ரகங்கள் வேர் நுனியில் மாலிக் அமிலத்தைக் கசியவிட்டு அலுமினியத்தைக் கட்டிப்போடும். அப்படிக் கசியவிடும் மரபணுவை 2004-ல் கண்டுபிடித்தார்கள். சோளத்தில் அதே வேலையைச் சிட்ரிக் அமிலம் செய்கிறது. அறுவடை வரை காத்திருக்கவும் வேண்டாம்: நாற்றின் வேரை அலுமினியக் கரைசலில் வைத்து, ஹீமடாக்சிலின் சாயத்தில் முக்கினால், தாங்காத வேரின் நுனி ஊதாவாகிவிடும். விளையும் பயிர் முளையிலேயே தெரிகிறது, பாருங்கள்!

அப்புறம், மணிச்சத்து குறைந்த நிலத்திலும் வேரைப் பரப்ப வைக்கும் ஒரு நெல் மரபணுவை 2012-ல் அறிவித்தார்கள். அது கிடைத்தது கசாலத் என்ற நம் நாட்டுப் பழைய நெல்லில். நவீன ரகங்கள் பலவற்றில் அது இல்லவே இல்லை. யாரோ அந்தப் பழைய விதையைக் காப்பாற்றி வைத்திருந்ததால்தானே கிடைத்தது?

அதனால்தான் போகிற இடமெல்லாம் கேட்கிறேன், ஒவ்வொரு ஹட்டியிலும், நம் ஒவ்வொரு மலையூரிலும், ஒரு விதை அறை வேண்டும். சாமை, ராகி, வாற்கோதுமை, சம்பா கோதுமை, எது பானையில் இருந்தாலும் ஒரு படி கொடுங்கள். குன்னூர் பக்கத்து வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, அவர்களிடமும் நாம் போய்க் கேட்கலாம். கவுடர் அவர்களே, சமுதாயக் கூடத்தின் பின்னறை சும்மாதான் பூட்டிக் கிடக்கிறது. அதன் சாவியை இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.